ஹார்னெட், ஃப்ராக், சாண்ட் ஸ்கார்ச்சர்: திரும்பி வந்த ரிமோட் கார்கள் பற்றிக் கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்வது என் முறை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் வெளியிட்ட பேட்டரி ரிமோட் கார் கிட்டுகள், அவற்றையே இந்த இருபது ஆண்டுகளில் அது மறுபடி வெளியிட்டுவரும் ரீ-ரிலீஸ் கிட்டுகள், இவைதான் எனக்குப் பழக்கமானவை. என்னிடம் இரண்டு வகையும் உண்டு. இரண்டையும் மண்ணில் ஓட்டுகிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: அண்ணா, 1987-இல் சித்தப்பா பையன் ஒரு ஹார்னெட் வைத்திருந்தான். தொடக்கூட விடமாட்டான். இப்போது அதே கார் புதிதாகக் கிடைக்கிறதாம். உண்மையிலேயே அதேதானா?

கிட்டத்தட்ட அதேதான் தம்பி. ஹார்னெட் முதலில் வந்தது 1984-இல். மறுபடி வந்தது 2004-இல். தொட்டி மாதிரியான அதே பிளாஸ்டிக் சேசிஸ் (அடிச்சட்டம்), அதே பாடி, மேடு பள்ளத்தில் பின்பக்கம் போடும் அதே துள்ளல். பெட்டியைத் திறந்தால் ஓடத் தயாரான கார் இருக்காது, பாகங்கள்தான் இருக்கும். திருப்புளியோடு இரண்டு மூன்று மாலைகள் உட்கார வேண்டும். அந்த மாலைகளுக்காகவே வாங்கலாம் என்பேன்.

மாறியவை பெரும்பாலும் மின்சார சமாசாரங்கள். அந்தக் காலத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க சர்வோ என்ற சின்ன மோட்டார் ஒன்று, படிப்படியாக நகரும் ஒரு ஸ்விட்சைத் தள்ளும். மெதுவாகப் போகச் சொன்னால் மின்சாரம் ஒரு செராமிக் ரெசிஸ்டர் வழியாகப் போய்ப் பாதி சூடாகவே வீணாகும். தெரியாமல் தொட்டவர்களுக்கு விரல் கொப்புளித்த நினைவு இருக்கும். இப்போது அந்த இடத்தில் மின்னணு ஸ்பீடு கன்ட்ரோலர். ரேடியோவும் அப்போது 27 மெகாஹெர்ட்ஸ். பக்கத்துத் தெருப் பையனிடமும் அதே கிரிஸ்டல், அதாவது அலைவரிசையைத் தீர்மானிக்கும் துண்டு, இருந்தால் அவன் ஸ்டியரிங்கைத் திருப்ப உங்கள் கார் சாக்கடைக்குள் போகும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. நிக்கல் காட்மியம் பேட்டரி போய் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரிமோட், பேட்டரி, சார்ஜர் மூன்றும் பெரும்பாலான கிட்டுகளில் கிடையாது. தனியாக வாங்க வேண்டும். கிட் விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி, பிறகு முகம் வாடியவர்கள் நிறைய.

சென்னையிலிருந்து: சார், ஒருவர் "1984 ஒரிஜினல் ஹார்னெட், பிரிக்காத பெட்டி" என்று விற்கிறார். நல்ல விலை கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் பெட்டியில் இருக்கும் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள். பழைய ஹார்னெட் 58045. ரீ-ரிலீஸ் 58336. இதைவிட எளிய சோதனை இல்லை. விற்பவர் அந்த எண் தெரியும்படி படம் அனுப்ப மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டியின் பக்கவாட்டுப் படங்களையும் எழுத்தையும் பாருங்கள். மின்னணு கன்ட்ரோலர் பற்றி ஒரு வரி இருந்தாலும் அது 1984 பெட்டி அல்ல. பெட்டி பழையது, உள்ளே இருப்பது புதியது என்றும் நடக்கும். எனக்கே நடந்தது. ஓரம் கிழிந்த உண்மையான பழைய பெட்டிக்குள் ரீ-ரிலீஸ் பாகங்களை அடுக்கி ஒருவர் எனக்கு விற்றார். டயரை மூக்கருகே கொண்டுபோனதும் புரிந்துவிட்டது. நாற்பது வருட ரப்பருக்குப் புது ரப்பர் வாசம் வராது. மடித்தால் வெடிப்பு தெரியும், ஸ்டிக்கர் தாளின் ஓரம் பழுப்பேறியிருக்கும். அன்று போன பணம் திரும்பவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் எண்ணைப் பாருங்கள், டயரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: என் மகனுக்கு ஆறு வயது. எந்த கிட் வாங்கலாம்?

இப்போது எதுவும் வேண்டாம். பொம்மைக் கடையில் கட்டிமுடித்த கார் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பதினோரு பன்னிரண்டு வயதில் அவனே திருப்புளியைப் பிடிக்கட்டும். அப்போது டாமியாவின் கிராஸ்ஹாப்பர் கிட் சரியாக இருக்கும்.

ஈப்போவிலிருந்து: ரீ-ரிலீஸ் கிட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பத்து வருடத்தில் விலை ஏறுமா?

அந்த எண்ணத்தில் வாங்காதீர்கள். ஒரு கார் திரும்ப வந்தது என்றால் அதன் பாகங்களை வார்க்கும் அச்சு தொழிற்சாலையில் தயாராக இருக்கிறது என்று பொருள். நாளைக்கே இன்னொரு தடவை அடிக்கலாம். லஞ்ச் பாக்ஸ் என்ற கார் 1987-இல் வந்தது, 2005-இல் திரும்பியது, பிறகு கறுப்புப் பதிப்பு, தங்க நிறப் பதிப்பு என்று வந்துகொண்டே இருக்கிறது. "சிறப்புப் பதிப்பு" என்ற சொல்லைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுத்து அடுக்கி வைத்தவர்கள் அடுத்த நிறம் வந்ததும் திகைத்தார்கள்.

பழையதன் மதிப்பு வேறு. மறுபடி அச்சடிக்க முடியாதது அந்தக் காலத்துக் காகிதமும் ஸ்டிக்கரும் பெட்டியும்தான். ரீ-ரிலீஸ் வந்ததும் சாதாரண நிலையில் இருந்த பழைய கார்களின் விலை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பிரிக்காத பழைய பெட்டியைத் தேடுகிறவர் மட்டும் இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

மதுரையிலிருந்து: ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம், வரியைக் கணக்கில் வைத்துக்கொண்டு. இந்தியாவில் பொம்மைகளுக்கும் சிறுமாதிரிகளுக்குமான சுங்க வரி 2020-இல் 20-இலிருந்து 60 சதவீதமானது, 2023-இல் 70 ஆனது. கூடவே லித்தியம் பேட்டரி வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு உண்டு, பார்சல் முழுவதும் நின்றுவிடும்.

சேலத்திலிருந்து: ஃப்ராக் ஒரிஜினலா ரீ-ரிலீஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண். 58041 பழையது, 58354 புதியது.

சிங்கப்பூரிலிருந்து: ஃப்ராக் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். 2005-இல் வந்த ஃப்ராக்கில், பின்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டையே மாற்றிவிட்டார்கள். அப்படியானால் அது ஃப்ராக்கே இல்லை. நகல். சிறுவயதில் அந்த ஷாஃப்ட் தேய்வதும், அதற்காக அப்பாவிடம் கெஞ்சுவதும் சேர்ந்ததுதான் ஃப்ராக்.

நல்ல வாதம். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983 ஃப்ராக்கில் கியர்பாக்ஸ் சட்டத்தோடு நிலையாக இருக்கும், பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதனால் நடுவில் இரண்டு முனையும் மடங்கிக் கொடுக்கும் ஷாஃப்ட் தேவை. பழைய ஷாஃப்டின் முனை அறுகோணம். ஓட ஓட அந்த மூலைகள் மழுங்கி, ஷாஃப்ட் பிடிமானமின்றி வழுக்கும். மோட்டார் அலறும், கார் நின்ற இடத்தில் நிற்கும். கொஞ்சம் வேகமான மோட்டார் போட்டால் இன்னும் சீக்கிரம். ரீ-ரிலீஸில் அதற்குப் பதில் டாக்போன் வகை ஷாஃப்ட், அதாவது குறுக்கு ஊசி ஒரு கிண்ணத்துக்குள் உட்காரும் வகை. அது நிலைத்து நிற்கிறது.

நீங்கள் சொல்வது ஷாஃப்டின் நினைவு இல்லை நண்பரே, உதிரி பாகம் கிடைக்காத காலத்தின் நினைவு. என் ஃப்ராக் ஒன்றரை வருடம் அலமாரி மேல் கிடந்தது. அந்த ஒன்றரை வருடத்தை நான் திரும்பக் கேட்கவில்லை.

அதே சிங்கப்பூர்க்காரர்: அப்படியென்றால் ஹார்னெட்டின் பின்பக்கத் துள்ளலையும் சரிசெய்திருக்கலாமே? அதை ஏன் விட்டார்கள்? அதுவும் குறைதானே?

இல்லை. இங்கேதான் நாம் பிரிகிறோம். ஹார்னெட்டில் மோட்டார், கியர்பாக்ஸ், சக்கர அச்சு மூன்றும் ஒரே கட்டையாகச் சேர்ந்து பின்னால் ஆடும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அத்தனை எடையும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். அதிர்வைத் தாங்கும் எண்ணெய் டேம்பர் இருந்தும் அடங்காது. அதனால் அது ஓடுவதில்லை, தத்துகிறது. தூரத்திலிருந்து பார்த்தாலே ஹார்னெட் என்று தெரிவது அந்தத் தத்தலால்தான். அதை எடுத்துவிட்டால் ஹார்னெட் பாடி போட்ட வேறு ஏதோ கார்.

ஃப்ராக்கில் ஷாஃப்டை மாற்றிய பிறகும் அதன் நடை மாறவில்லை. முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு வளைவில் வால் வீசிப் போவது அப்படியே இருக்கிறது. பழையதையும் புதியதையும் ஒரே மைதானத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காரின் நடையை மாற்றுவது வேறு, நடக்கவிடாமல் செய்வதை நீக்குவது வேறு.

கொழும்பிலிருந்து இன்னொருவர்: எது நடை, எது குறை என்று யார் தீர்மானிப்பது? இருவரும் சொந்த ரசனையைத்தானே சொல்கிறீர்கள்?

ஓட்டுகிறவர் தீர்மானிக்கிறார். அலமாரியில் வைத்துப் பார்க்கிறவருக்கு ஷாஃப்ட் எந்த வகையானாலும் ஒன்றுதான். இன்னொன்றும் சொல்கிறேன், இதில் சிங்கப்பூர் நண்பர் பக்கம் நான் நிற்கிறேன். ரீ-ரிலீஸ் பெட்டிகளில் எனக்கு வலிப்பது ஸ்டிக்கர் தாள். பழைய விளம்பரச் சின்னங்கள் சிலவற்றை எடுத்துவிட்டு வேறு எழுத்து போட்டிருக்கிறார்கள். அந்தச் சின்னங்களுக்கு அனுமதி வாங்கும் சிக்கல் புரிகிறது. ஆனாலும் பாடியின் பக்கத்தைப் பார்க்கும்போது கண் பழைய எழுத்தைத்தான் தேடுகிறது. ஒட்டியபின் முதல் சில நாட்கள் எனக்கு அது யாரோ ஒருவரின் கார் போலவே இருந்தது.

சிங்கப்பூர்க்காரர்: ஸ்டிக்கர் விஷயத்தில் உடன்படுகிறேன். ஷாஃப்டில் இல்லை.

சரி. உங்கள் பழைய ஃப்ராக்கை அறுகோண ஷாஃப்டோடு ஓட்டுங்கள். ஒரு நாள் தேய்ந்தால் எனக்கு எழுதுங்கள். ரீ-ரிலீஸ் வந்ததால் பாகம் கிடைக்கிறது, வழி சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டால் வேகம் வருமாமே?

வரும், அதோடு வேறு சிலவும் வரும். இரண்டு செல் லிப்போ முழு சார்ஜில் 8.4 வோல்ட். பழைய பிளாஸ்டிக் கியர்கள் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அதைவிட முக்கியம், உங்கள் கன்ட்ரோலரில் லிப்போவுக்கான தாழ் வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுவிடும். அதை மறுபடி சார்ஜ் செய்யும்போது தீப்பிடிக்கலாம். நிக்கல் சார்ஜரில் லிப்போவைச் செருகவே கூடாது. இதில் விளையாட வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து: எந்தப் பெயின்ட்?

ஹார்னெட், ஃப்ராக் போன்ற ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம், டாமியாவின் பிஎஸ் வகை பெயின்ட். கிராஸ்ஹாப்பர், லஞ்ச் பாக்ஸ், சாண்ட் ஸ்கார்ச்சர் போன்ற கெட்டி பிளாஸ்டிக்குக்கு வெளிப்பக்கம், டிஎஸ் வகை. மாற்றி அடித்தால் உரிந்து வரும்.

பெங்களூரிலிருந்து: வைல்ட் வில்லி 2 என்பது பழைய வைல்ட் வில்லியின் ரீ-ரிலீஸா?

இல்லை. பெயரும் ஓட்டுநர் பொம்மையின் முகமும்தான் உறவு. சேசிஸ் முற்றிலும் வேறு.

வேலூரிலிருந்து: நைட்ரோ கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

அது என் துறை இல்லை. எஞ்சின் கார் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள்.

நெல்லையிலிருந்து: சாண்ட் ஸ்கார்ச்சர் ஒன்று விலைக்கு வருகிறது. பழையதா என்று...

எண்ணைப் பாருங்கள். பழையது 58016, 2010 ரீ-ரிலீஸ் 58452. எண்ணும் டயரும். இதே கேள்வி மூன்றாவது தடவை. இனி மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

சாண்ட் ஸ்கார்ச்சர் என்பதால் ஒரு வார்த்தை மட்டும். 1979 காரில் சஸ்பென்ஷன் கைகளும் கியர்பாக்ஸ் உறையும் வார்ப்பு உலோகம். கையில் எடுத்தால் பொம்மை என்று தோன்றாது. பணம் இருந்து ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ரீ-ரிலீஸானாலும் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கோலாலம்பூரிலிருந்து: டாமியா மட்டும்தானா? மற்ற நிறுவனங்கள்?

ஜப்பானின் கியோஷோ இருக்கிறது. 1982 ஸ்கார்ப்பியனை 2014-இல் மறுபடி கொண்டுவந்தது, பிறகு 2016-இல் ஆப்டிமா, 2019-இல் அல்டிமா. அல்டிமாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1987-இல் இங்கிலாந்தின் ரோம்ஸியில் நடந்த உலகப் போட்டியில் ஜோயல் ஜான்சன், மோட்டார் இரண்டு சக்கரங்களை மட்டும் இயக்கும் கார்களின் பிரிவை வென்றது அதில்தான். அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் 1984-இல் கொண்டுவந்த தங்க நிற அலுமினியச் சேசிஸ் ஆர்சி10-உம் 2013-இல் திரும்பியது. 1985 உலகப் போட்டியில் ஜே ஹால்ஸியை ஜெயிக்க வைத்த கார். அவை பந்தயத்துக்குப் பிறந்தவை. டாமியாவின் ஹார்னெட் தெருமுனைக்குப் பிறந்தது. உங்கள் நினைவு எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: ஐயா, அப்பா காலமானபின் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பழைய கிராஸ்ஹாப்பர் கிடைத்தது. பேட்டரி உள்ளேயே இருக்கிறது. ஓட்டிப் பார்க்க ஆசை. என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் அந்த பேட்டரியைக் கையுறை போட்டு வெளியே எடுங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது கசிந்த காரம், தோலில் படக் கூடாது. அதைச் சார்ஜ் செய்யவே செய்யாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். நிக்கல் காட்மியம், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பாடியில் சோப்புத் தண்ணீர் போதும். ஸ்டிக்கர் மேல் தேய்க்க வேண்டாம், ஓரம் எழும்பிவிடும். தின்னர் பக்கமே போகாதீர்கள். கியர்பாக்ஸைத் திறந்தால் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள். அதிலிருக்கும் 380 மோட்டாரை வெளியே எடுத்து ஒரு சின்ன பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சுற்றும்.

பழைய டயரோடு மட்டும் ஓட்டாதீர்கள். பத்து நிமிடத்தில் பிளந்துவிடும். வீல்களோடு கழற்றி, பெயர் எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்த இடத்தில் 2005 ரீ-ரிலீஸ் கிராஸ்ஹாப்பரின் வீலையும் டயரையும் போடுங்கள், அப்படியே பொருந்தும். வாங்குவதற்கு முன் முன்வீல், பின்வீல் இரண்டையும் அளந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பாக எண் சொல்கிறேன்.