அம்மா கனவில் என்ன சொன்னார்?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன். பத்து மணிக்குப் படுத்து, மூன்று மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்து ஓடுகிறேன். போன வருடம் தவறிப்போன அம்மா கனவில் வருவது தெரிகிறது, ஆனால் என்ன பேசினார் என்பது பல் தேய்ப்பதற்குள் மறந்துவிடுகிறது. வழி உண்டா?
— ஒரு வாசகி, ஒத்தக்கடை

பதில்: உண்டு சகோதரி. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக உருளும் தூக்கத்தில்தான் தெளிவான கனவுகள் அதிகம் வரும். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும், நீங்களோ அது நீளும் நேரத்தில் எழுந்துவிடுகிறீர்கள். முடிந்தால் எட்டரைக்கே படுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

அப்புறம் முக்கியமானது, விழிப்பு வந்ததும் அசையாதீர்கள். போனைத் தொட்டால் கனவு போச்சு. அலாரத்தைக்கூட வீட்டில் வேறு யாராவது நிறுத்தட்டும். கண்ணைத் திறக்காமல், புரண்டு படுக்காமல், அம்மா நின்ற இடம், கையில் இருந்த மல்லிகைச் சரம் என ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் என்ன, அதற்கு முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். தலையணைக்கு அடியில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். சேலையின் நிறம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா, சரி, அதையே எழுதுங்கள்.