வெட்டுக்காயப் பூண்டில் இருப்பது ஒரு பூவா, பல பூக்களா?

பல பூக்கள். வழியோரத்தில் நீளக் காம்பில் ஒற்றையாக ஆடுமே, சிறுவர்கள் 'தாத்தா' என்று தலையைச் சுண்டி விளையாடும் பூ, அதுதான் இது. சூரியகாந்திக் குடும்பம், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா.

பிய்த்துப் பாருங்கள். நடுவில் உள்ள ஒவ்வொரு மஞ்சள் துளியும் ஒரு முழுப் பூ. ஓரத்தில் நுனி மூன்றாகப் பிளந்த வெளிர் 'இதழ்' ஒவ்வொன்றும்கூடத் தனிப் பூதான். பெரும்பாலும் 5 இருக்கும்.

ஏன் இந்தக் கூட்டம்? இத்தனூண்டு பூ தனியாக நின்றால் பூச்சியின் கண்ணில் படாது. ஒற்றை அகலைவிடக் கார்த்திகை வரிசை தூரத்திலிருந்தே தெரிகிறதல்லவா, அப்படி. வந்த பூச்சியும் ஒரே நடையில் பல பூக்களைத் தொட்டுவிடும்.

பலர் இதை வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்று பறித்து வருகிறார்கள். அது வேறு: பூவின் நடுவும் வெள்ளை, கசக்கினால் சாறு கறுக்கும்.