லினக்ஸ் இலவசமாகக் கிடைத்தும் வீட்டுக் கணினிகளில் விண்டோஸ்தான் அதிகம், ஏன்?

வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டு வீட்டாரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மேசைக் கணினிகளை மட்டும் எண்ணினால் விண்டோஸ் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் (சூப்பர் கம்ப்யூட்டர்) பட்டியலிலும் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ். "ஆண்ட்ராய்டு முழுக்கவா திறந்த மூலம் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய நிரல்)?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். கெர்னலை மட்டும்தான் சொல்கிறேன்.

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் ப்ளாட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பர்களோடு சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறேன். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது. அதையொட்டி ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய ஆறு மடிக்கணினிகள் எங்களிடம் வந்தன. எல்லாம் 2 ஜிபி ரேம். மார்ச் 18-இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் படித்த வீடுகள் உண்டு. ஆறிலும் பழைய கணினிகளுக்கு ஏற்ற லுபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன், தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தேன். வேறு எதையும் திறக்காமல் பிரவுசரை மட்டும் வைத்தால் வகுப்பு நன்றாகவே ஓடியது.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் ஆறையும் நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ப்ளாட்டில் லிஃப்ட் இரண்டு, அன்றைக்கு இரண்டுமே பழுது. ஒன்பதாவது மாடிவரை தூக்கிக்கொண்டு ஏறினேன்.   

இரண்டு வாரம் கழித்து ஓர் அக்கா மடிக்கணினியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "தம்பி, ஓசியில கெடச்சத பிள்ளைங்க தலையில கட்டிட்டீங்களா? நாளைக்கு வேலைக்குப் போனா வேர்டு, எக்செல்தானே கேப்பாங்க?" என்றார். அவற்றைப் போன்ற வேலைகளை இலவசமாகச் செய்யும் லிப்ரெஆபிஸைத் திறந்து காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. இரவெல்லாம் கண் விழித்துச் செய்த வேலை, மனசு ரொம்ப வலித்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். வேலை விளம்பரங்களில் அப்படித்தானே போடுகிறார்கள்?

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த அக்கா சொன்னதுதான். கடையில் வாங்கும் மடிக்கணினி பெரும்பாலும் விண்டோஸோடுதான் வருகிறது. அதன் விலை மொத்த விலைக்குள் அடங்கிவிடுவதால், வாங்குகிறவருக்கு அதுவும் இலவசம் மாதிரித்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதுதான் தெரியும், அலுவலகமும் அதைத்தான் கேட்கிறது. 2004-இலேயே நம் மலேசிய அரசாங்கம் பொதுத்துறைக்கென்று திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அப்படியும் வீட்டு மேசைகளில் விண்டோஸ்தான் இருக்கிறது. லினக்ஸ் மட்டமானது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மற்ற ஐந்து மடிக்கணினிகளிலும் பிள்ளைகள் அந்த ஆண்டு முழுக்கப் படித்தார்கள்.

மறுபடி முயல்வதாக இருந்தால், வீட்டில் யாருக்கு எந்த மென்பொருள் இல்லாமல் முடியாது என்று முதலில் கேளுங்கள். அப்புறம் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டுங்கள். அந்த அக்காவிடம் நான் இந்த இரண்டையும் செய்யவில்லை.