மும்பை: படுக்கையை எங்கே போடுவது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயது 27. இந்த அரையாண்டு விடுமுறையில் மும்பைக்குத் தனியாகப் போய்வர ஆசை. ரயில் டிக்கெட் போகக் கையில் பத்தாயிரம் ரூபாய் நிற்கும். ஐந்து நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். மும்பைப் புறநகரான கல்யாணில் சித்தி வீடு இருக்கிறது. "அங்கேயே தங்கிக்கோ, லாட்ஜுக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்" என்கிறார் அம்மா. எனக்கு இந்தி தெரியாது. ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கமும் இல்லை. இந்தப் பணத்தில் நடக்குமா? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

நடக்கும். ஆனால் பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் படுக்கைக்கே போய்விடும் என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மும்பையில் மலிவாகச் சாப்பிடலாம், மலிவாகச் சுற்றலாம், மலிவாகத் தூங்க முடியாது. அதனால்தான் எல்லோரும் படுக்கையில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், உங்கள் அம்மா உட்பட. நான் சொல்வது தலைகீழ். சாப்பாட்டில் பிடியுங்கள், டாக்ஸியில் பிடியுங்கள், கடைத்தெருவில் பிடியுங்கள். தங்கும் இடத்துக்கு மட்டும் கொடுங்கள். நகரத்தின் தென்கோடியில், ஃபோர்ட், கொலாபா, சர்ச்கேட் சுற்றுவட்டாரத்துக்குள் ஒரு படுக்கை.

ஏன் என்பதற்கு வரைபடத்தைப் பாருங்கள். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய ஊர் அது. ஏழு தீவுகளுக்கு நடுவே இருந்த கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்து ஒட்டவைத்த நிலம். துறைமுகமும் கோட்டையும் தென்கோடியில் இருந்ததால் வங்கி, கம்பெனி, நீதிமன்றம் எல்லாம் அங்கேயே குவிந்தன. வேலை பார்ப்பவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் வடக்கே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கும் லோக்கல் ரயிலில் காலைக் கூட்டம் தெற்கே போகிறது, மாலைக் கூட்டம் வடக்கே திரும்புகிறது. வடக்கே பாந்த்ரா குர்லா பக்கமும் அந்தேரியிலும் அலுவலகங்கள் வந்த பிறகும் இந்தப் போக்கு முழுதாக மாறிவிடவில்லை. கல்யாணிலிருந்து தெற்கே உள்ள பெரிய ரயில் நிலையமான சிஎஸ்எம்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வேக வண்டியிலேயே ஒரு மணி நேரம் தாண்டும். நீங்கள் ஊர் பார்க்கக் கிளம்பும் எட்டரை மணிக்குத்தான் அந்த ஊரே வேலைக்குக் கிளம்பும். ஏறவும் முடியாது, ஏறினால் நினைத்த ஸ்டேஷனில் இறங்கவும் முடியாது. மாலையில் திரும்பும்போதும் அதே கதை. தெற்கே தங்கினால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள். காலையில் சர்ச்கேட்டிலிருந்து வடக்கே போரிவிலிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தே போகலாம்.

இன்னொன்று. உறவினர் வீட்டில் தங்கினால் மனசு மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சித்தி இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார். கடலோரச் சாலையான மரின் டிரைவில் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

தனி அறைக்கு உங்கள் பணம் போதாது. பலர் சேர்ந்து தங்கும் டார்மிட்டரி பாருங்கள். பெண்களுக்கென்று தனி அறை உள்ள ஹாஸ்டல்கள் தெற்கே இருக்கின்றன. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே 2021-இல் ஒரு பாட் ஹோட்டல் திறந்தார்கள். சுவரில் அடுக்கிய பெட்டிபோல் படுக்கை, பெண்களுக்குத் தனிப் பகுதி. ஓரிரு இரவுக்குச் சரிப்படும். ரயில்வே ஓய்வறைகளும் உண்டு, கையில் உறுதியான டிக்கெட் வேண்டும். சாதாரண லாட்ஜ் என்றால் "தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவீர்களா" என்று போனில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் பணம் கட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஒரு லாட்ஜில் போய் நின்றபோது, "லேடீஸ் சிங்கிளுக்குத் தருவதில்லை" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் டிசம்பர் கடைசி வாரம் அந்த ஊரில் விலை ஏறிக் கிடக்கும் வாரம். அக்டோபரிலேயே படுக்கையைப் பிடித்துவிடுங்கள்.

ரயிலில் இரண்டாம் வகுப்புக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். சென்னையில் மின்சார ரயில் ஏறியவருக்கு இது புதிதில்லை, கூட்டம் மட்டும் வேறு அளவு. ஃபாஸ்ட், ஸ்லோ பார்த்து ஏறுங்கள், ஃபாஸ்ட் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. பெண்கள் பெட்டி ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. சில பெட்டிகள் 24 மணி நேரமும் பெண்களுக்கு, சில பெட்டிகள் இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பொதுப்பெட்டி ஆகிவிடும். பெட்டியின் வெளியே எழுதியிருக்கும், படித்துவிட்டு ஏறுங்கள். இரவில் பெண்கள் பெட்டியில் காவலர் ஏறுவது வழக்கம். எதுவானாலும் ரயில்வே உதவி எண் 139.

இந்தி இல்லாமல் சமாளிக்கலாம். ஸ்டேஷன் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கும், கடைக்காரர் விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார். பேருந்துதான் சிக்கல். பல வண்டிகளின் முகப்பில் எண் இந்தி, மராத்தி எழுதும் தேவநாகரி எழுத்தில் இருக்கும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து வடிவங்கள், ரயிலிலேயே படித்துவிடலாம்.

சரி, பார்க்க வேண்டியவை. கடலோரத்தில் நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா வளைவை யாரும் தவறவிடப் போவதில்லை, படகு ஏற எப்படியும் அங்கேதான் நிற்க வேண்டும். அங்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குகைக் கோயில்கள் உள்ள எலிஃபண்டா தீவுக்கு ஒரு முழு காலை கொடுங்கள். முதல் படகிலேயே போய்விடுங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 2024 டிசம்பரில் அந்தத் தடத்தில் கடற்படைப் படகு மோதிப் பயணிகள் படகு கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். தீவில் படிக்கட்டு ஏறிப் போனால் பெரிய குகை. எல்லோரும் நேரே போய் மூன்று முகச் சிவன் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஆறு மீட்டர் உயரத்துக்கு நெருங்கிய அந்த உருவத்தை முதலில் தூணுக்குப் பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பிறகு பக்கத்துச் சுவர்களுக்குப் போங்கள். கங்கையைத் தலையில் ஏற்கும் சிவன், கயிலையைப் பெயர்க்கும் ராவணன், நாணித் தலைகுனிந்து நிற்கும் பார்வதியின் கல்யாணக் கோலம். மதுரையில் மீனாட்சி கல்யாணம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சுவரை விளக்க கைடு வேண்டியதில்லை. மூக்கும் காலும் உடைந்து கிடந்தாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

போர்ச்சுகீசியர் எலிஃபண்டா என்று பெயர் வைத்ததற்குக் காரணம் தீவில் நின்ற ஒரு கல் யானை. அந்த யானை இப்போது அங்கே இல்லை. 1864-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், தூக்கும்போது கிரேன் முறிந்து யானை உடைந்தது. ஒட்டுப்போட்ட யானை பைகுலாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே தோட்டத்தில் நிற்கிறது. டிக்கெட் விலை டீ செலவுதான். உள்ளே பழைய பம்பாயின் மாதிரிகளும் வரைபடங்களும் இருக்கின்றன. கடலை எப்படித் தூர்த்தார்கள் என்று உங்கள் மாணவர்களுக்குச் சொல்லப் பொருள் கிடைக்கும். புதன்கிழமை விடுமுறை.

காசே இல்லாமல் அரை நாள் கழிக்க ஓவல் மைதானம். கிழக்கே 1870-களின் கோதிக் பாணிக் கட்டடங்கள்: உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் மணிக்கூண்டு. மேற்கே 1930-களின் ஆர்ட் டெகோ பாணிக் குடியிருப்புகள், வட்ட பால்கனிகள், கப்பல் மாதிரி வளைவுகள். இரண்டையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தார்கள். நடுவே ஞாயிற்றுக்கிழமை ஏகப்பட்ட கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும். ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்தின் பீல்டர் காலடியில் வந்து நிற்கும், அவர் எடுத்து வீசிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அங்கிருந்து நடந்தால் மரின் டிரைவ் பக்கம்தான். தடுப்புச் சுவரில் உட்காருங்கள், கீழே கான்கிரீட் கற்கள்மேல் இறங்க வேண்டாம்.

எல்லாக் கட்டுரைகளும் விட்டுவிடுவது கான்ஹேரி. போரிவிலியில் தேசியப் பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் துறவிகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அங்கே சிற்பத்தைவிடத் தண்ணீர் ஏற்பாடுதான் பிடிக்கும். மழைநீர் பாறைமேல் ஓடிவரக் கால்வாய் வெட்டி, குகைக்குக் குகை தொட்டி குடைந்திருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியை நீங்கள் என்னைவிட அதிகம் பார்ப்பீர்கள். வாசலிலிருந்து குகை தூரம், உள்ளே ஓடும் பேருந்தில் போங்கள். தண்ணீர் பாட்டிலைக் குரங்கு பிடுங்கும்.

தாராவிக்குச் சுற்றுலா போல அழைத்துப் போகும் ஆட்கள் உண்டு. நான் போகச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய இடம் அது. தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் போங்கள், காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிய கூச்சம் முதல் நாள் மதியத்தோடு போய்விடும். கூட்டமான ஹோட்டலில் உங்கள் மேஜையில் முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து உட்காருவார்கள், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்த வடா பாவ் தெருவிலேயே நின்று சாப்பிடுவது, அங்கே அலுவலகம் போகிறவரும் அப்படித்தான். காலையில் இரானியர் தொடங்கிய பழைய டீக்கடை ஒன்றில் பன் மஸ்கா (வெண்ணெய் தடவிய பன்), டீ. வாய் சோற்றுக்கு ஏங்கினால் மாதுங்கா போங்கள், வாழையிலையில் சாப்பாடும் ஃபில்டர் காபியும் பூக்கட்டும் கடையுமாக ஒரு தெரு நம்மூர் போலவே இருக்கும். ஆனால் தினமும் அங்கே போய்விடாதீர்கள்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நாள் முழுக்க வெளியே இருக்கும் பெண் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள், மூன்றாம் நாள் படுத்துவிடுவாள். அருங்காட்சியகங்களில் நன்றாக இருக்கும், அதற்காகவே டிக்கெட் எடுக்கலாம். பெரிய ஸ்டேஷன்களில் காசு கொடுத்துப் போகும் இடம் பரவாயில்லை. தெருவில் நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் அவசரம் இல்லாவிட்டாலும் போய்வந்துவிடுங்கள்.

எலிஃபண்டாவும் கான்ஹேரியும் திங்கள்கிழமை மூடியிருக்கும். அந்த நாளைச் சித்திக்குக் கொடுக்கலாம். விடுமுறை டிசம்பர் 31-ஐத் தொட்டால், அந்த நாளைச் சித்திக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. அன்றிரவு கேட்வே பக்கமும் மரின் டிரைவிலும் மூச்சுவிட இடம் இருக்காது. மாலை நெரிசலுக்கு முன்பே, மதியம் கிளம்பிக் கல்யாண் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஊர் திரும்ப நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் எடுத்தால் ஏறுமிடத்தைக் கல்யாண் என்றே போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி சிஎஸ்எம்டி வர வேண்டியிருக்காது.