பழைய கம்பியூட்டருக்கு எதில் காசு போடலாம்? மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பதில்களில் விலை எழுதவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் பாய்ஞ்சதைப் பார்த்தோம், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறினதையும் பார்க்கிறோம். இன்னைக்கு எழுதுற விலை அடுத்த மாசம் உதவாது. சாமான் வாங்க முன்னாடி நான் பார்க்கிற கணக்கு ஒன்றுதான்: இது அடுத்த மெஷினுக்கும் கூட வருமா? எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடுற சிப் டிஸ்க்) வரும், நல்ல பவர் சப்ளை வரும், யூபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் பேட்டரியில தாங்குற பெட்டி) வரும், மொனிட்டர் வரும். பழைய மதர்போர்ட்டுக்கு வாங்குற ப்ராசஸர் அந்தப் போர்ட்டோட போயிரும்.

ஹட்டன், ஒரு தகப்பன்: தம்பி, மகள் உயர்தரம் படிக்கிறா, ஐசிடி பாடமும் இருக்கு. வீட்டில ஐ3-2120, எச்61 போர்ட், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓன் பண்ணிட்டுப் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கடையில போர்ட், ப்ராசஸர் எல்லாம் மாத்தணும்ங்கிறாங்க. கையில 20,000தான் இருக்கு.

போர்ட்டில கை வைக்காதீங்க ஐயா. முதல்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. டிஸ்க் 100 சதவீதத்தில நிக்கும், ப்ராசஸர் பத்து பதினைஞ்சில சும்மா கிடக்கும். அப்படின்னா குத்தம் ஹார்ட் டிஸ்க்கில. பெரிய பைல் ஒன்றை வரிசையா படிக்கச் சொன்னா அது நொடிக்கு 100 எம்பிக்கு மேலயும் கொடுக்கும். ஆனா வின்டோஸ் ஏறும்போது கேட்கிறது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல். ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள்ள இருக்கிற கை இடம் மாறணும், தட்டு சுத்தி வரணும். ஒரு தடவைக்கு பத்து மில்லி செக்கன் கிட்டப் போகும். எஸ்எஸ்டியில அசையிற உறுப்பே கிடையாது.

240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்க, சாட்டான்னா டிஸ்க்கைப் போர்ட்டோட இணைக்கிற வழி. எச்61இல இருக்கிறது சாட்டா 2 மட்டும்தான், பெட்டியில 550 எம்பின்னு அடிச்சிருந்தாலும் 270 கிட்டத்தான் வரும்னு யாராவது பயமுறுத்துவாங்க. அவங்க சொல்றது சரிதான், ஆனா மகளுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த மெஷினுக்கு அதைக் கழட்டிப் போடும்போது முழு வேகமும் வரும்.

அதுக்குப் பிறகு ரேம். அந்தப் போர்ட்டில ரெண்டு இடம்தான் இருக்கு. இப்ப ஒரே 4 ஜிபி ஸ்டிக் இருந்தா, பாவித்த டீடீஆர்3 4 ஜிபி இன்னொன்று பக்கத்தில போடுங்க. 1333, 1600 எதுவா இருந்தாலும் ஓடும். வின்டோஸ் புதுசா ஏத்துறதுக்கு முன்னாடி பயோஸில (வின்டோஸ் ஏற முன்னாடி திறக்கிற போர்ட்டோட செட்டிங்) சாட்டா மோட் ஏஎச்சிஐயில இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, பழைய மெஷின்கள்ல ஐடிஈங்கிற பழைய முறையில விட்டிருப்பாங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்ட வேணாம். கடந்தகால வினாத்தாள், வீடியோ எல்லாம் போட ரெண்டாவது டிஸ்க்கா இருக்கட்டும். பாடத்துக்கு வேணும்ங்கிற பைதன் இதிலயே தாராளமா ஓடும். 20,000க்குள்ள முடிஞ்சு மிச்சம் வந்தா யூபிஎஸ் பேட்டரிக்கு வைங்க.

நுவரெலியா: அண்ணே, காலையில முதல் தடவை அமத்தினா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுரும். மூனாவது நாலாவது தடவைதான் ஓன் ஆகும். அதுக்குப் பிறகு நாள் முழுக்கப் பிரச்சினையே இல்ல. மதர்போர்ட் போயிருச்சா?

போர்ட்டைச் சந்தேகப்பட முன்னாடி பவர் சப்ளையைப் பாருங்க தம்பி. தை, மாசியில உங்க ஊர்ல உறைபனி விழுற குளிருக்கு இது அடிக்கடி வர்ற வருத்தம். பவர் சப்ளைக்குள்ள மின்தேக்கிகள் இருக்கு, சின்ன உருளை மாதிரி. அதுக்குள்ள இருக்கிற திரவம் வருஷக்கணக்கில காய்ஞ்சுக்கிட்டே வரும். காய்ஞ்சது குளிர்ல இன்னும் மோசமா வேலை செய்யும், ரெண்டு மூனு தடவை கரண்ட் ஏறி சூடு பிடிச்ச பிறகுதான் சரியாகும். நீங்க சொல்ற அறிகுறி அப்படியே பொருந்துது.

மதர்போர்ட்டிலயும் அதே உருளைகள் உண்டு. டார்ச் அடிச்சு மேல்பக்கத்தைப் பாருங்க. சிலுவை மாதிரி கீறல் போட்ட தட்டையான மூடி இருக்கும். அது தட்டையா இருந்தா நல்லது. நடுவில வீங்கி, கீறல் வழியா மண்ணிறமா எதாவது கசிஞ்சு காய்ஞ்சிருந்தா அது முடிஞ்ச கேஸ். ஆனா பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீங்க. நம்ம 230 வோல்ட் உள்ளுக்குள்ள 325 வோல்ட் நேர்மின்னோட்டமா மாறி நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சார்ஜ் இருக்கும். கூட்டாளி வீட்டில நல்லா ஓடுற பவர் சப்ளை ஒன்றை ஒரு காலைக்கு இரவல் வாங்கி மாத்திப் பாருங்க, விடை தெரிஞ்சிரும்.

புதுசு வாங்கும்போது பெட்டியில பெருசா அடிச்சிருக்கிற 500 வாட்டை நம்பாதீங்க. பக்கத்து ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை அம்பியர்னு பாருங்க. 18 அம்பியர்னா 12ஆல பெருக்க 216 வாட், கம்பியூட்டரோட பெரிய வேலையெல்லாம் அதிலதான் நடக்கணும். உங்க மெஷினுக்கு, தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத வரைக்கும், அதுவே தாராளம். எனக்குப் பிடிக்காதது பெட்டியில எழுதுற பொய்தான். கையில தூக்கும்போது காத்து மாதிரி இருந்தா வச்சிட்டு வாங்க.

மஸ்கெலியா: சித்திரை மாச இடியில ரவுட்டர் கருகிருச்சு, கம்பியூட்டர்ல நெட் கேபிள் குத்துற ஓட்டையும் வேலை செய்யல. மத்ததெல்லாம் ஓடுது. இதோட சேர்த்து இன்னொன்று: கேஸிங்கைத் தொட்டா விறுவிறுன்னு இருக்கு. எர்த் இல்லைன்னு சொல்றாங்க. ஆபத்தா?

இடி கரண்ட் வயர்ல மட்டும் வராது. டெலிபோன் வயர்ல ரவுட்டருக்கு வந்து, அங்கேயிருந்து லான் கேபிள்ல உங்க போர்ட்டுக்கு வந்திருக்கு. பிளக்கைக் கழட்டிட்டோம்னு நிம்மதியா இருந்தவங்க வீட்டிலயும் இதே கதை நடக்கிறது இதனாலதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தா பிளக், டெலிபோன் வயர் ரெண்டையும் கழட்டுங்க. ஃபைபர் இழுத்திருந்தா அந்த இழை வழியா மின்சாரம் வராது, கம்பியூட்டர், ரவுட்டர் ரெண்டோட பிளக்கையும் கழட்டினா போதும்.

செத்த லான் ஓட்டைக்காக போர்ட் மாத்த வேணாம். யூஎஸ்பி லான் அடாப்டர் ஒன்று குத்துங்க, அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் லான் கார்ட் ஒன்று போடுங்க. ரெண்டுமே சின்னக் காசு.

விறுவிறுப்புக்கு வருவோம். ஒவ்வொரு பவர் சப்ளையிலயும் இரைச்சலை வடிகட்ட ரெண்டு குட்டி மின்தேக்கி கேஸிங்கோட சேர்த்துக் கட்டியிருப்பாங்க. எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிரும். எர்த் இல்லாட்டி கேஸிங் கிட்டத்தட்ட பாதி வோல்ட்டில, அதாவது 115இல மிதக்கும். ஓடுற கரண்ட் ரொம்பச் சிறுசு, அதனால விறுவிறுப்போட நிக்குது. ஆனா பவர் சப்ளை உள்ளுக்குள்ள பழுதாகிற அன்னைக்கு அந்தக் கேஸிங்ல முழு 230ம் வந்து நிக்கலாம். எர்த் இல்லாத வீட்டில சர்ஜ் புரொடெக்டர் வாங்கிறதும் பெரும்பாலும் வீண், மிதமிஞ்சி வர்ற கரண்டை மண்ணுக்குத் தள்ளத்தான் அதுக்குத் தெரியும், தள்ள வழி இல்லையே. லயத்து வீடுகள்ல ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்த வயர்னா இன்னும் கவனம். எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம். முதல் காசு எலக்ட்ரீசியனுக்கு, எர்த் கம்பிக்கு. வீட்டில பிள்ளைகள் இருக்காங்கன்னா இதில யோசிக்கவே கூடாது.

தலவாக்கலை, டைப்செட்டிங் கடை: வின்டோஸ் 10 முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. என்னுடையது மூனாம் தலைமுறை ஐ5. பாமினியில அடிச்ச பத்து வருஷத்து கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல் எல்லாம் இதிலதான் இருக்கு.

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. வீட்டுப் பாவனைக்கு நீட்டிப்பில சேர்ந்தா பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை வரும். அதுக்கப்புறம் இல்ல. வின்டோஸ் 11 முறைப்படி கேட்கிறது இன்டெல்னா எட்டாம் தலைமுறையும் டீபீஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும். உங்களுடையதில தடையைத் தாண்டி ஏத்திக் கொடுக்கிற ஆட்கள் இருக்காங்க, ஓடவும் ஓடும். ஆனா அடுத்த பெரிய அப்டேட் நிச்சயம் வரும்னு யாரும் உறுதி கொடுக்க மாட்டாங்க. சம்பாதிக்கிற மெஷின்ல அந்த விளையாட்டு எதுக்கு?

உங்களுக்கு நான் சொல்றது ரெண்டு மெஷின். பழசை இன்டர்நெட்டிலிருந்து கழட்டி, பழைய வேலைகளுக்கு அப்படியே வைங்க. வாடிக்கையாளர் கொண்டு வர்ற பென் டிரைவ் அதில குத்தவே கூடாது. மின்னஞ்சல், வாட்ஸ்அப், பிரின்ட் எல்லாத்துக்கும் எட்டாம் தலைமுறை பாவித்த ஆபிஸ் மெஷின் ஒன்று. பாமினி வெறும் எழுத்துரு பைல்தான், அங்கேயும் போட்டுக்கலாம். எல்லாத்துக்கும் முன்னாடி, இன்னைக்கே, அந்தப் பத்து வருஷத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில பிரதி எடுங்க.

கண்டி: அப்படிப் பாவித்த ஆபிஸ் மெஷின் வாங்கப் போறேன். ஐ7ன்னு ஒன்று, ஐ3ன்னு ஒன்று, ஒரே விலை. ஐ7ஐ எடுக்கவா?

ஐ3, ஐ7க்குப் பின்னால வர்ற எண்ணைப் பாருங்க. ஐ7-2600ன்னா முதல் இலக்கம் 2, ரெண்டாம் தலைமுறை, 2011. ஐ3-8100ன்னா எட்டாம் தலைமுறை, நாலு கோர். அந்த ஐ3 வின்டோஸ் 11ஐ முறையா ஏத்துக்கும், டீடீஆர்4 ரேம் கேட்கும், கரண்டும் குறைச்சலா இழுக்கும். நான் ஐ3ஐத்தான் எடுப்பேன்.

கடையில நிக்கும்போதே பயோஸுக்குள்ள போய்ப் பாருங்க. பழைய கொம்பனி போட்ட பாஸ்வேர்ட் இன்னும் இருந்தா வாங்காதீங்க. டிஸ்க்கோட நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை பென் டிரைவ்ல கொண்டு போய் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்குன்னு பாருங்க. எல்லா யூஎஸ்பி ஓட்டையிலயும் எதாவது குத்திப் பாருங்க. அரை மணித்தியாலம் வீடியோ ஓட விட்டுக் கதைச்சுக்கிட்டு இருங்க, சூட்டில நிக்கிற மெஷின்னா அதுக்குள்ள நின்னுரும். வாரன்டியை பில்லில எழுதி வாங்குங்க, வாய் வார்த்தை வேணாம்.

பண்டாரவளை: அண்ணே, டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020, சின்னப் பெட்டி. கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்ட் போடணும். பெரிய பவர் சப்ளை போட்டா சரிதானே?

சரி வராது தம்பி. அந்த மெஷினோட பவர் சப்ளை 255 வாட். போர்ட்டுக்குப் போற பிளக் வழக்கமான 24 பின் இல்ல, டெல்லுக்கே உரிய 8 பின். கடையில வாங்குற பவர் சப்ளை அடாப்டர் இல்லாமப் பொருந்தாது, பெட்டிக்குள்ள இடமும் இல்ல. தனி பவர் வயர் கேட்காத, உயரம் குறைஞ்ச கார்ட்தான் போடலாம். ஜீடீ 1030 கார்ட் வாங்குறதா இருந்தா ஜீடீடீஆர்5 மெமரி உள்ளதா கேட்டு வாங்குங்க. அதே பேர்ல டீடீஆர்4 போட்ட ஒன்று சந்தையில இருக்கு, வேகம் கிட்டத்தட்ட பாதிதான், பெட்டியும் ஒரே மாதிரி. வலோரன்ட் கேம்தான் ஆசைன்னா இன்னொன்று: வின்டோஸ் 11இல அது டீபீஎம் 2.0ம், ஓன் ஆகும்போதே சரிபார்க்கிற செக்யூர் பூட்டும் கேட்கும், உங்க மெஷின்ல 2.0 கிடையாது. உண்மையைச் சொன்னா, காசைச் சேர்த்து வச்சு நிக்கிற பெரிய பெட்டியா (டவர்) இன்னொரு மெஷின் எடுக்கிறது புத்தி.

பொகவந்தலாவை, ஒரு டீச்சர்: பாடசாலையில பழைய பென்டியம், கோர் 2 டுவோ மெஷின்கள், ஜீ41 போர்ட். பாதி ஓடுது, பாதி ஓடல. நன்கொடையாளர் ஒருத்தர் ரேம் வாங்கித் தர்றேங்கிறார்.

டீச்சர், வாங்க முன்னாடி செத்த மெஷின்கள்ல இருக்கிற ரேமைக் கழட்டி, தங்க நிறப் பல்லை வெள்ளை அழிறப்பரால தேய்ச்சு, ஓடுறதுக்கு மாத்துங்க. ஈரத்தில பூத்துப்போய்க் கிடக்கிற ரேம் பாதி அதிலயே எழும்பிரும். அப்படியும் வாங்கணும்னா டீடீஆர்3 4 ஜிபி ஸ்டிக்கில ரெண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கான்னு எண்ணுங்க. 8 சிப் உள்ளதை ஜீ41 சரியா எடுக்காது. இந்த ப்ராசஸர்கள்ல இப்போதைய வின்டோஸ் 11 ஏறவே ஏறாது, தடை தாண்டினாலும் இல்ல. வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போடுங்க, இலவசம், கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஒபிஸ் கூடவே வரும், தமிழும் அடிக்கலாம். நன்கொடையாளர்கிட்ட ரேமை விட சின்ன எஸ்எஸ்டி கேளுங்க. மெஷின் போனாலும் அது மிஞ்சும்.

சின்னக் கேள்விகள்

*டீடீஆர்3 இடத்தில டீடீஆர்4 போகுமா?* போகாது. வெட்டு வேற இடத்தில இருக்கு. அழுத்தாதீங்க.

*தேதி ஒவ்வொரு தடவையும் பழசுக்குப் போகுது, வெப்சைட்டும் திறக்கல.* போர்ட்டில இருக்கிற, காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியை மாத்துங்க. தேதி பிழைச்சா பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துப் போகாது, அதனாலதான் திறக்கல.

*ப்ராசஸருக்கு மேல பூசுற தெர்மல் பேஸ்டுக்குப் பதிலா பற்பசை?* ஒரு கிழமைக்கு வேலை செய்யும், பிறகு காய்ஞ்சு தூளாகும். வேணாம்.

*மூடுபனிக்கு பொலித்தீன் உறை போட்டு மூடலாமா?* சூடா இருக்கும்போது மூடினா உள்ளே வேர்க்கும். ஆறின பிறகு துணியால மூடுங்க. தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுறது அதை விட நல்லது.

ஹப்புத்தளை: புதுக் கம்பியூட்டர் ஒன்றைக் கொழும்பு யூனிட்டி பிளாசா கடையில பூட்டி, பஸ்ல கொண்டு வரலாமா?

தாராளமா. கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தா கழட்டித் தனியா கையில வைங்க, அவ்வளவு வளைவுக்கு அதோட பாரம் போர்ட் ஓட்டையைப் பிச்சிரும். பெரிய கூலர்னா அதையும் இங்கே வந்து பூட்டுங்க. பெட்டியை லக்கேஜில போடாம, போர்ட் கீழே படுக்கிற மாதிரி மடியிலயோ காலடியிலயோ வைங்க. கொழும்புச் சூட்டிலிருந்து குளிருக்கு ஏத்துறதில ஈரப் பயம் இல்ல. நம்ம ஊர்க் குளிர்ல கிடந்த மெஷினைக் கொழும்புக்கு இறக்கினாத்தான் உள்ளே நீர் படியும், ரெண்டு மூனு மணித்தியாலம் திறந்து வச்சிட்டு ஓன் பண்ணுங்க.