ஒன்பது ஆட்டம், நாலு புள்ளி: தம்பி கணக்கா, அக்கா கணக்கா?

கேள்வி: நானும் அக்காவும் இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் ஆடும் ஒரே கிளப்பின் ரசிகர்கள். 29 ஆட்டம் முடிந்து 48 புள்ளியோடு ஆறாம் இடத்தில் இருக்கிறோம். ஐந்தாம் இடத்தில் இருப்பவர்களுக்கு 50, நான்காம் இடத்தில் இருப்பவர்களுக்கு 52. கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) எங்களுக்கு +6, நான்காம் கிளப்புக்கு +17. மிச்சமுள்ள 9 ஆட்டங்களையும் தாளில் எழுதிக் கணக்குப் போட்டேன். 7 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, ஆக 22 புள்ளி, மொத்தம் 70. நான்காம் இடமும், முதல் நாலு கிளப்புக்குக் கிடைக்கும் ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கும் நிச்சயம் என்றேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "63. அதற்கு மேல் ஒன்றும் தேறாது" என்கிறாள். நான்காம் இடம் வராவிட்டால் நான் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும், வந்தால் அவள் ஒரு மாதம். யார் கணக்கு சரி? இன்னொன்று, அடுத்த வாரம் நான்காம் கிளப்பும் ஐந்தாம் கிளப்பும் மோதுகின்றன. யார் ஜெயிக்க வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொள்வது?

பெயர் வேண்டாம், ஆறாம் இடத்து ரசிகன்

பதில்: தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. மூன்றாவது ஆட்டம், பன்னிரண்டாம் இடத்து அணியோடு வெளியூரில். அதன் பக்கத்தில் முதலில் "டிரா" என்று எழுதி, அதை அடித்துவிட்டு "வெற்றி" என்று மாற்றியிருக்கிறீர்கள். பேனாவின் நிறம்கூட வேறு. அந்தத் திருத்தத்துக்கு என்ன காரணம் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த வேலையைச் செய்யாத கால்பந்து ரசிகர் யாரும் இல்லை.

உங்கள் தாளில் பெரிய தவறு அந்தத் திருத்தம் இல்லை. ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. சொந்த மைதானத்தில் பதினேழாம் இடத்து அணி வருகிறது, வெற்றி என்று எழுதுகிறீர்கள். யாரும் அதைத்தான் எழுதுவார்கள். கோளாறு கூட்டும்போதுதான் வருகிறது. ஜெயிக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்பதற்கும் மூன்று புள்ளியும் கைக்கு வந்துவிட்டது என்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை ஏழு தடவை தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் வெற்றி என்று எழுதிய ஏழு ஆட்டங்களிலும் உங்கள் கிளப் ஜெயிக்கப் பத்துக்கு ஆறு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் இடத்து அணிக்கு இது தாராளமான கணிப்பு. வெளியூர் ஆட்டங்களுக்கு மிகத் தாராளம். டிராவுக்குப் பத்துக்கு இரண்டரை. அப்படியென்றால் ஓர் ஆட்டத்தின் மதிப்பு மூன்று புள்ளி இல்லை, இரண்டுக்குச் சற்று மேல்: 2.05. ஏழு ஆட்டத்துக்கு 21 இல்லை, 14 சொச்சம்தான். ஏழையும் வரிசையாக ஜெயிக்கும் வாய்ப்பு என்ன தெரியுமா? நூற்றுக்கு மூன்றுகூட முழுதாக இல்லை. எந்த ஆட்டத்தில் சறுக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் இரண்டு மூன்று ஆட்டத்திலாவது சறுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 9 ஆட்டத்தில் 22 புள்ளி என்ற வேகத்தை 38 ஆட்டத்துக்கு நீட்டினால் 93 புள்ளி வரும். 2016-17-இல் செல்சீ பட்டம் வென்றது அதே 93 புள்ளியோடுதான். அதாவது 29 ஆட்டம் வரை ஆறாம் இடத்து அணியாக ஆடிய உங்கள் கிளப், முப்பதாவது ஆட்டத்திலிருந்து சாம்பியனாக மாறிவிடும் என்று தாள் சொல்கிறது. மனக்கோட்டைதான், ஆனால் இலக்கத்தில் எழுதியதால் கணக்கு மாதிரி தெரிகிறது.

அக்காவின் 63 எப்படி வந்தது என்பது எளிது. 29 ஆட்டத்தில் 48, ஆட்டத்துக்கு 1.66. ஒன்பதால் பெருக்கினால் 15. அவ்வளவுதான், எதிரணி யார் என்றே அவர் பார்க்கவில்லை. என் முறையில், உங்களுடைய ஏழு ஆட்டத்துக்கு 14.35, கடினமான மற்ற இரண்டுக்கும் ஆட்டத்துக்கு ஒன்றாக இரண்டு புள்ளி, கூட்டினால் 16 சொச்சம். மொத்தம் 64. உங்களைவிட அக்காவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கிறேன், மன்னிக்கவும்.

ஆனால் "அதற்கு மேல் ஒன்றும் தேறாது" என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 64 என்பது நடுப்புள்ளி. ஒன்பது ஆட்டத்தில் நாலு புள்ளி மேலே போவதும் கீழே போவதும் சாதாரணமாக நடப்பவை. சில சமயம் அதையும் தாண்டும். 2020-21 சீசனை அக்காவுக்கு நினைவுபடுத்துங்கள். 29 ஆட்டம் முடிந்தபோது லிவர்பூலுக்கு 46 புள்ளி, உங்களைவிடக் குறைவு. அதற்குச் சற்று முன்புதான் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றிருந்தார்கள். லெஸ்டர் சிட்டி அப்போது 56 புள்ளியோடு மேலே உட்கார்ந்திருந்தது. கடைசி 9 ஆட்டத்தில் லிவர்பூல் 7 வெற்றி, 2 டிரா. 23 புள்ளி! உங்கள் தாளைவிட ஒன்று அதிகம். லெஸ்டர் அதே 9 ஆட்டத்தில் எடுத்தது 10. கடைசியில் லிவர்பூல் 69 புள்ளியோடு மூன்றாம் இடம், லெஸ்டர் 66 புள்ளியோடு ஐந்தாம் இடம்.

இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த ஏழு வெற்றியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ஆஸ்டன் வில்லாவை ஜெயித்தது 91-ஆவது நிமிடத்தில் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் அடித்த கோலால். மே 16 அன்று வெஸ்ட் பிராம்விச்சோடு 1-1 என்று ஆட்டம் முடியப்போகும் நேரம். 95-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர். கோல்கீப்பர் அலிசன் தன் கோலை விட்டுவிட்டு ஓடி வந்து தலையால் முட்டி உள்ளே தள்ளினார். லிவர்பூலின் வரலாற்றிலேயே ஒரு கோல்கீப்பர் போட்ட முதல் கோல் அது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் 65 புள்ளி, லெஸ்டருக்குக் கீழே. அப்புறம் லெஸ்டர் கதை. கடைசி நாளில் சொந்த மைதானத்தில் டோட்டன்ஹாமை 2-1 என்று முந்திக்கொண்டிருந்தார்கள். அப்படியே முடித்திருந்தால் 69 புள்ளி. அதே நாளில் தோற்ற செல்சீ 67-இல் நின்றதால் லெஸ்டருக்கு முதல் நாலில் இடம் உறுதி. 2-4 என்று தோற்றார்கள். நூற்றுக்கு மூன்று என்றேனே, அது நடக்கிறபோது இப்படித்தான் நடக்கும்: நம் பக்கம் அதிர்ஷ்டம் கொட்ட வேண்டும், எதிர்ப்பக்கம் சரிய வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில்.

இங்கேதான் உங்கள் தாளின் இரண்டாவது ஓட்டை. அதில் உங்கள் கிளப் மட்டும்தான் இருக்கிறது. 70 எடுத்தால் நான்காம் இடம் நிச்சயம் என்று யார் சொன்னது? 2003-04-இல் லிவர்பூலுக்கு நான்காம் இடம் 60 புள்ளியில் கிடைத்தது. 2016-17-இல் ஆர்சனல் 75 எடுத்தும் ஐந்தாம் இடம்தான். கோடு ஒவ்வொரு சீசனும் நகரும், அதை நகர்த்துவது உங்கள் போட்டி கிளப்புகள். ஆகவே தாளில் இன்னும் மூன்று பத்தி போடுங்கள்: நான்கு, ஐந்து, ஏழாம் இடத்துக் கிளப்புகளுக்கு. அவர்களுடைய ஆட்டங்களை முதலில் நிரப்பிவிட்டு உங்களுடையதைக் கடைசியில் நிரப்புங்கள். வரிசையை மாற்றினாலே கை நடுங்க ஆரம்பிக்கும். பதினேழாம் இடத்து அணியோடு உங்களுக்கு வெற்றி என்றால், அதே அணியோடு அவர்களுக்கும் வெற்றிதான். அவர்களுக்கு மட்டும் "சறுக்குவார்கள்" என்று எழுதக் கூடாது.

இப்போதைய வேகத்திலேயே போனால் நான்காம் கிளப் 68-இல் முடிக்கும். உங்கள் நடுப்புள்ளி 64. இடைவெளி நாலு இல்லை, நடைமுறையில் ஐந்து. காரணம் கோல் வித்தியாசம். பிரீமியர் லீக்கில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அதைத்தான். +6-ஐ வைத்துக்கொண்டு ஒன்பது ஆட்டத்தில் +17-ஐப் பிடிப்பது சுலபமில்லை. 2024-25-இல் நியூகாசிலும் ஆஸ்டன் வில்லாவும் 66 புள்ளியில் சமமாக நின்றன. நியூகாசிலுக்கு +21, வில்லாவுக்கு +7. ஐந்தாம் இடமும் சாம்பியன்ஸ் லீக்கும் நியூகாசிலுக்கு (அந்த சீசனில் ஐந்தாம் இடத்துக்கும் அது கிடைத்தது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்).

அந்த 2024-25 சீசனின் கடைசி நாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் தாளில் இரண்டு ஆட்டத்தின் பக்கத்தில் "இவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, சும்மா ஆடுவார்கள்" என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அன்று நியூகாசிலை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று தோற்கடித்தது எவர்ட்டன். அட்டவணையின் நடுவில், மேலே போகவும் கீழே போகவும் வழியில்லாத அணி. வில்லாவுக்கு ஒரு டிரா போதும் என்ற நிலை; அவர்களை 2-0 என்று அனுப்பிவைத்தது அந்த சீசனில் பதினைந்தாம் இடத்தில் முடித்த மான்செஸ்டர் யுனைடெட். சும்மா ஆடுகிறவன் பயமில்லாமல் ஆடுவான். அந்த இரண்டு வரியையும் மறுபடி பாருங்கள்.

சரி, ஒரு விடை சொல்ல வேண்டுமல்லவா? நான்காம் இடம் உங்களுக்குக் கிடைக்க ஆறில் ஒரு வாய்ப்பு என்பேன். இல்லை என்று சொல்ல முடியாது, நிச்சயம் என்று நினைத்தால் பாத்திரம்தான். ஆகவே மாதத்துக்கு மாதம் என்ற பந்தயம் உங்களுக்கு நஷ்டம். அக்காவிடம் பேசி மாற்றப் பாருங்கள்: வராவிட்டால் நீங்கள் ஒரு மாதம், வந்தால் அவர் ஐந்து மாதம். ஆறில் ஒன்றுக்கு அதுதான் நியாயமான விலை. "அதற்கு மேல் தேறாது" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர் இதற்கு மறுக்கக் கூடாது. மறுத்தால் அவருக்கும் உள்ளூர ஆசை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வார ஆட்டத்துக்கு வருவோம். அவர்கள் இருவரும் மோதும்போது இருவரும் தோற்க முடியாது. பல ரசிகர்கள் இதைத்தான் மறந்துவிட்டு இரண்டு பத்தியிலும் தோல்வி எழுதுகிறார்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்பது உங்களுக்கு எந்த இடம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. நான்காம் இடம்தான் வேண்டும் என்றால் இருவரையும் தாண்ட வேண்டும், அதற்கு டிராதான் நல்லது: 53, 51 என்று நிற்பார்கள். ஐந்தாம் கிளப் ஜெயித்தால் 53, 52. நான்காம் கிளப் ஜெயித்தால் 55-க்குப் போய்விடும், அதை எட்டிப்பிடிப்பது பெரும்பாடு.

ஆனால் ஐந்தாம் இடமே போதும் என்ற நிலை வந்தால் கதை வேறு. ஐரோப்பியப் போட்டிகளில் அந்த சீசனில் மிகச் சிறப்பாக ஆடும் இரண்டு நாடுகளுக்கு சாம்பியன்ஸ் லீக்கில் கூடுதலாக ஓர் இடம் உண்டு. 2024-25-இல் அது இங்கிலாந்துக்குக் கிடைத்தது, ஏப்ரலிலேயே உறுதியாகிவிட்டது. அதற்கு முந்தைய சீசனில் கிடைக்கவில்லை, 66 புள்ளியோடு ஐந்தாம் இடத்தில் முடித்த டோட்டன்ஹாம் வெளியே நின்றது. இந்தத் தடவை அது இங்கிலாந்துக்கு வரும் என்று தெரிந்தால் நீங்கள் தாண்ட வேண்டியது ஒரே ஒரு கிளப்பை. அப்போது நான்காம் கிளப் ஜெயிப்பதுதான் உங்களுக்கு லாபம். ஐந்தாம் கிளப் 50-லேயே நிற்கும், இரண்டு புள்ளி தூரத்தில். அக்காவிடம் கேளுங்கள், அவர் இதை ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.