சாமந்தி பறிக்கிற கைக்கு எந்தக் களிம்பு?

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46. கார்த்திகை பிறந்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது, ராத்திரியில் அரிப்பு. முன்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் மூன்று படை, பொருக்குக் கட்டி உதிர்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூபைப் போட்டால் நாலு நாளில் மறைகிறது, நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வருகிறது, இரண்டு வருஷமாக இதே கதை. போர் தண்ணீர் உப்பு, அதனால் இருக்குமா, தண்ணீரை மாற்றும் மெஷின் வாங்கலாமா, எந்தக் களிம்பு நல்லது என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம்: சொந்தமாகச் சாமந்தித் தோட்டம், தினமும் பூப்பறிக்கப் போகிறார், எட்டு வயதுப் பையனுக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, மாமியார் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறார்.

எனக்கு அந்தப் போகிற போக்கில் சொன்னதுதான் முக்கியமாகப் பட்டது. ஆனால் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது சுலபம்.

சாணி மெழுகிய வாசலைப் பார்த்திருப்பீர்கள். மெழுகு நிற்கிற வரைக்கும் மண் பெயராது, மெழுகு போன இடத்தில் மண் பொடிப்பொடியாகக் கிளம்பும். தோலின் மேலடுக்கும் அப்படித்தான், செத்த செல்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் பூச்சு இருந்து உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே எண்ணெய்ச் சுரப்பி இயல்பாகவே குறைவு, வயது ஏற ஏற இன்னும் குறையும். அதன் மேல் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கத்துப் பனிக்கால வறட்டுக் காற்று. அது போதாதென்று நாம் வேறு, குளிருகிறது என்று அண்டாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய வைத்து, கால் முழுக்க நுரை வருகிற மாதிரி சோப்பைத் தேய்த்து, நன்றாகத் துவட்டி, பவுடரும் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து 'காலெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கே' என்று தேங்காய் எண்ணெயைத் தேடுகிறோம். காய்ந்த தோலில் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும், ஈரம் வராது. இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடுவதுதான் எண்ணெயின் வேலை, மூடுவதற்கு அங்கே ஈரம் இருந்தால்தானே?

அதனால் நேரத்தை மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அஞ்சு பத்து நிமிஷத்துக்குள் குளியல். சோப்பு அக்குள், இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். காலுக்கும் கைக்கும் வெறும் தண்ணீர் போதும், தோட்டத்து மண் ஒட்டியிருக்கிற அன்றைக்கு வேண்டுமானால் கொஞ்சம். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். படுக்கும்முன் இன்னொரு தடவை, அப்போது காலை ஈரத்துணியால் நனைத்துவிட்டுத் தடவுங்கள். செதில் தடிப்பாக இருந்தால் 10 சதவீத யூரியா கலந்த கிரீம் நன்றாக வேலை செய்யும் (உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்ற வேண்டாம், அப்படிச் செய்துவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்). வெடிப்பு இருக்கிற இடத்தில் அது எரியும், அங்கே ஜெல்லியே போதும். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பவுடரும் இந்த மூன்று மாதம் வேண்டாம். இரண்டு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். இந்தச் செதில் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தது என்றால் அது பரம்பரையாக வருகிற மீன்செதில் தோல். இதே கவனிப்புதான், ஆனால் வருஷம் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீர் விஷயம். உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், அவை சோப்போடு சேர்ந்து ஒரு பிசுக்காகத் தோலில் படிந்துவிடும், அதனால் வறட்சி கூடும், உண்மைதான். ஆனால் அதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்து மெஷின் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் அழற்சி இருந்த 336 குழந்தைகளை வைத்து இதையே சோதித்து 2011இல் வெளியிட்டார்கள், மெஷின் பொருத்திய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோல் கூடுதலாக ஒன்றும் தேறவில்லை. சோப்பைக் குறைத்தால் பிசுக்கும் குறையும், அதற்குச் செலவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடு தண்ணீரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிற பழக்கமும் வந்துவிட்டது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒகேனக்கல் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். கால் தோல் உரிவதை அதன் தலையில் கட்ட முடியாது.

இப்போது முன்கைப் படை. இதற்கு எழுத்தில் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் வட்டமாக, பொருக்கோடு இருக்கிற படை குறைந்தது மூன்று வேறு நோயாக இருக்கலாம். ஓரம் மட்டும் மேடாகச் சிவந்து, நடுவில் தெளிந்து, அகன்றுகொண்டே போனால் படர்தாமரை, அதாவது பூஞ்சை. வீட்டில் இன்னொருவருக்கும் இடுப்பிலோ தொடையிலோ இருக்கும். வட்டம் முழுக்க ஒரே மாதிரி தடித்து, சில சமயம் நீர் கசிந்து பொருக்குக் கட்டினால் எக்ஸிமா. முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிப் பொடி மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தால் சொரியாசிஸ், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். அது யாருக்கும் ஒட்டாது, தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை.

அந்த டியூப் இந்த மூன்றில் எதில் போட்டாலும் நாலு நாளில் அடங்கும், சிக்கலே அதுதான். அட்டையில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும், கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகப் பிசைந்திருப்பார்கள். இவை வீரியமான ஸ்டீராய்டு, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அணைத்துவிடும், அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும், வட்டத்தின் ஓரமும் அழிந்துபோய் எங்களுக்கே அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், வரி விழும். அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஓடுவதும் சரியில்லை. எக்ஸிமா என்று உறுதியானால் அதுதான் நல்ல மருந்து, இடத்துக்கும் நாளுக்கும் அளவு உண்டு: ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

சரி, சாமந்தி. ராயக்கோட்டைத் தோட்டக்காரருக்குச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, அதில் வருகிற காசில்தான் வீடு நடக்கும். ஆனால் சாமந்தியின் இலையிலும் பூவிலும் இருக்கிற சில பொருள்கள் சிலருக்கு வருஷக்கணக்கில் பழகிய பிறகு ஒவ்வாமையாக மாறும். வரப்பிலும் ரோட்டோரத்திலும் மண்டிக் கிடக்கிற பார்த்தீனியமும், கர்நாடகப் பக்கம் காங்கிரஸ் செடி என்பார்களே அது, சாமந்தியின் குடும்பம்தான். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது சாதாரணம். பார்த்தீனியத்தின் தூள் காற்றிலேயே வரும், தொட வேண்டியதில்லை. எனவே யோசித்துப் பாருங்கள்: கண் இமை, கழுத்து, காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு இங்கெல்லாம் அரிக்கிறதா? பூப்பறிக்கிற மாதங்களில் கூடி, ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தால் குறைகிறதா? ஆமாம் என்றால் படை தோட்டத்திலிருந்து வருகிறது, களிம்பை எத்தனை மாற்றினாலும் நிற்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, தலைக்குத் துண்டு, வந்ததும் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத் துணியை மாற்றுவது, இதையெல்லாம் ஒரு மாதம் செய்து பாருங்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்குகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும். சந்தேகம் தீராவிட்டால் முதுகில் ஒட்டுப் பரிசோதனை (சந்தேகப்படுகிற பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்தலாம்.

பையன் கன்னத்துத் திட்டுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை, கால்சியம் குறைவும் இல்லை. அது அநேகமாக லேசான எக்ஸிமா, வெயில் பட்டுச் சுற்றிலும் கறுக்கும்போது திட்டு மட்டும் வெளுத்துத் தெரியும், சில மாதங்களில், சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில், தானே நிறம் வரும். முகம் கழுவியதும் ஈரத்தோடு கொஞ்சம் எண்ணெய் அல்லது ஜெல்லி, அவ்வளவுதான். உங்கள் டியூபை அவன் முகத்தில் போட்டுவிடாதீர்கள். பூச்சி மாத்திரை பள்ளியிலேயே வருஷத்துக்கு இரண்டு தடவை தருகிறார்கள், அதைப் போடட்டும், வயிற்றுக்கு நல்லது, மாமியாரும் சமாதானமாவார்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே செய்து பாருங்கள், பையனுக்கும் உங்களுக்கும். கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேல் பஞ்சு நுனியால் தொட்டு, எங்கே தொட்டேன் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டில் மட்டும் உணர்ச்சி இல்லை அல்லது மந்தம் என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருக்கலாம்; மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும்.

முன்கைக்கு டியூபை நிறுத்தி இரண்டு வாரம் எண்ணெய் மட்டும் தடவிவிட்டு, தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போங்கள். நிறுத்தியதும் முதல் சில நாள் படை சிவந்து கூடும், பயப்பட வேண்டாம், அப்போதுதான் அதன் உண்மையான முகம் தெரியும். பூஞ்சையா என்று கொஞ்சம் பொருக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். நீர் கசிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இருந்தால் கால் வெடிப்பையும் காட்டிவிடுங்கள். போகும்போது காலியான டியூப், அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், 'வெள்ளைக் கலர் டியூப், சிவப்பு மூடி' என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.